வேறு வைத்தல்: மீட்ட குட்டியும் வீட்டுப் பூனைகளும்

பூனைகள் ஏற்கெனவே வாழும் வீட்டுக்குள், தாயைப் பிரிந்த ஒரு குட்டியைக் கொண்டுவந்து, அது தானே உண்ணவும் தன்னைத் தூய்மை செய்துகொள்ளவும் பழகும்வரை பேணி, பின்னர் நிலையான வேறொரு வீட்டுக்கு ஒப்படைப்பதைத் தற்காலிக வளர்ப்பு எனலாம். செட்டிநாட்டில் சுவீகாரம் எடுப்பதைப் பிள்ளை கூட்டுதல் என்பர். அது தலைமுறை தாண்டித் தொடரும் உறவு. தற்காலிக வளர்ப்பு அத்தகையதன்று. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நிறைவுறும் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் இரு தரப்பு உயிர்கள் வளர்ப்பவரை நம்பியிருக்கின்றன. மீட்டு வந்த குட்டியின் துன்பம் கண்ணெதிரே தெரிவதால் அது உடனே கவனம் பெறுகிறது. பல ஆண்டுகளாகத் திண்ணையையும் முற்றத்தையும் தன் எல்லையாகக் கொண்டு வாழும் மூத்த பூனையின் நலமோ, அது கேட்டு நிற்காத காரணத்தாலேயே பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்த இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பதற்கான வழியைச் செட்டிநாட்டு வீடே ஒருவகையில் காட்டித் தருகிறது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தவரான நகரத்தார் மரபில், மணமான மகனையும் மருமகளையும் அதே பெரிய வீட்டுக்குள் தனி அறையும் தனிச் சமையலும் கொடுத்துக் குடித்தனம் நடத்தச் செய்வதை வேறு வைத்தல் என்பர். வளவு (நடுமுற்றமும் அதைச் சூழ்ந்த தாழ்வாரமும்) ஒன்று, வாசல் ஒன்று, சாமி ஒன்று. அடுப்பு மட்டும் வேறு. பகையினால் செய்யும் பிரிவு அன்று இது. நெருங்கி வாழ்வோர் நெடுநாள் இணக்கமாக வாழ்வதற்கென முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு. பூனைகளின் இயல்புக்கு இதைவிடப் பொருந்திய ஏற்பாடு வேறில்லை. புதுக்குட்டியை வந்த அன்றே வளவில் இறக்கிவிட்டு, அவை தாமே பழகிக்கொள்ளும் என்று விடுவது, நோயையும் பகையையும் ஒருசேர வரவழைக்கும் செயல். முதலில் வேறு வைக்க வேண்டும். பின்னர்தான், அதுவும் படிப்படியாக, கூட்ட வேண்டும்.

எடுப்பதற்கு முன்

காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்ந்துவிட்டபோதிலும், அதன் பழைய தெருக்களிலும், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பெரிய வீடுகள் பல, உடையவர்கள் வெளியூரில் வாழ்வதால், திருமணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. ஆள் நடமாட்டமில்லாத மாடியறையும் மரச்சாமான்கள் அடுக்கிய மூலையும் சினைப்பூனைக்கு மிகப் பாதுகாப்பான இடங்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை. விசேஷத்துக்காக வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கும்போது குட்டிகள் கண்ணில் படுகின்றன. வேலையாட்கள் அவற்றைக் கூடையில் அள்ளித் தெருமுனையில் வைத்துவிடுகின்றனர். இரை தேடப் போன தாய் திரும்பி வந்து வெற்று மூலையைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. இவ்வட்டாரத்தில் மீட்பு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, செய்திருக்கவே வேண்டாத இந்தப் பிரிவின் விளைவே ஆகும். உணவும் நீருமின்றித் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது, ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அடுத்து உருவான 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

எனவே குட்டியைக் கண்டவுடன் கையில் எடுப்பதைவிட, சற்று எட்ட நின்று பார்ப்பதே முதற்கடமை. தாய்ப்பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றும் வழக்கமுடையது. தனியே கிடக்கும் குட்டி கைவிடப்பட்டதாக இல்லாமல், அடுத்த நடைக்குக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். வயிறு நிறைந்து, உடல் வெதுவெதுப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சுருண்டு அமைதியாக உறங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று நான்கு மணி நேரம் மறைவிலிருந்து கவனித்தால் அது வருவதையும் காணலாம். இடைவிடாது கத்துகின்ற, தொட்டால் குளிர்ந்திருக்கின்ற, எறும்பு மொய்க்கின்ற குட்டிக்கு அந்தக் காத்திருப்புப் பொருந்தாது. நம் ஊர்களில் கண் திறவாக் குட்டிகளுக்கு நாய்க்கு நிகரான ஆபத்து எறும்பினால் நேர்கிறது; இமையோரத்திலும் தொப்புள்கொடியிலும் ஏறும் எறும்புகளை உடனே அகற்றாவிடில் ஓரிரு மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடும்.

பெண் பூனைக்கு வேட்கைக்காலம் வருவது பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் மாரிக்காலத்துக் குறும்பகல் இனப்பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறது. ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் அமைந்த காரைக்குடியிலோ, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடே இருப்பதால், குட்டிகள் ஆண்டு முழுவதும் பிறக்கக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரம். நான்காம் மாதத்திலேயே பருவமெய்தும் பெண்குட்டிகளும் உண்டு. தற்காலிக வளர்ப்பில் ஈடுபடுவோர் தம் வீட்டு மூத்த பூனைகளுக்கு முதலில் கருத்தடை அறுவை செய்துகொள்வது அறிவுரைக்கு அப்பாற்பட்ட அடிப்படைத் தேவை. கருத்தடை செய்யாத கடுவன், அதாவது ஆண் பூனை, இருக்கும் வீட்டில் புதுக்குட்டியின் உயிருக்கே உறுதி கூற இயலாது.

குட்டியின் வயதை அறிந்தாலன்றி அதற்கு உணவும் சூடும் அளவிட முடியாது. கண்கள் முதல் வார இறுதியிலிருந்து இரண்டாம் வார இறுதிக்குள் திறக்கின்றன. கீழ் ஈற்றில் அரிசிக்குறுணை போன்ற முன்பற்கள் விரல்நுனிக்குத் தட்டுப்பட்டால் ஏறத்தாழ மூன்று வாரம். கோரைப்பற்கள் தெரிந்தால் நான்கு வாரத்தை நெருங்குகிறது. அவற்றின் பின்னே கடைவாய்ப்புறம் பற்கள் முளைத்திருந்தால் ஐந்து ஆறு வாரம் ஆகியிருக்கும். எல்லாக் குட்டிகளின் கண்களும் தொடக்கத்தில் நீலமாகவே இருந்து, ஆறு ஏழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். நீலக்கண் குட்டி என்று அதை உயர்சாதியாக எண்ணி மகிழ்வோர் பலர். அது வயதின் அடையாளமே.

தனி அறை

குட்டிக்கென ஒதுக்கும் அறையில் குறைந்தது பதினான்கு நாள் அது தனித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு நோய்களின் அரும்புகாலத்தைக் கொண்டு அமைந்தது. தொற்று உடலில் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அரும்புகாலம். பூனைகளைத் தாக்கும் நோய்களில் மிகக் கொடியதான பேன்லுகோபீனியா, குடலையும் எலும்பு மச்சையையும் தாக்கி, இரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்து, வாந்தியும் கழிச்சலுமாக ஓரிரு நாளில் குட்டியைக் கொன்றுவிடக்கூடிய வைரஸ் நோய். இன்று துள்ளி விளையாடும் குட்டி, அதை உள்ளே வைத்துக்கொண்டே நாலைந்து நாள் நலமாகத் தோன்றலாம். அதனால்தான் குட்டியின் தோற்றத்தை நம்பாமல் நாட்காட்டியை நம்ப வேண்டும் என வலியுறுத்த வேண்டியிருக்கிறது. மூத்த பூனைகளின் தடுப்பூசி நிலுவையில் இருப்பின், அதைச் செலுத்தி முடிக்காமல் எந்தக் குட்டியையும் வீட்டுக்குள் அழைக்கலாகாது.

வளவைச் சுற்றி அமைந்துள்ள இரட்டை வீடு எனப்படும் அறையமைப்பு, அதாவது ஓர் அறைக்குள்ளிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும் ஏற்பாடு, இதற்கு மிக ஏற்றது. உள்ளறையில் குட்டி இருக்க, வெளியறையில் வளர்ப்பவர் மேலாடை மாற்றிக் கைகழுவலாம். இரண்டு கதவுகளும் ஒருசேரத் திறந்திராமல் பார்த்துக்கொண்டால், கால்களுக்கிடையே புகுந்து ஓடும் மூத்த பூனையையும் தடுத்துவிடலாம். எனினும் உள்ளறைகள் பல சாளரமின்றி இருண்டு, பட்டும் பாத்திரமும் நிறைந்த பெட்டிகளோடு இருப்பதால், அவ்வாறு இருப்பின் இரண்டாங்கட்டிலோ மாடியிலோ காற்றும் வெளிச்சமும் உள்ள அறையைத் தேர்வதே மேல். பெட்டிகளுள்ள அறையில் இன்னோர் ஆபத்தும் உண்டு: துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டை. அதிலுள்ள நாப்தலீன் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. உருட்டி விளையாடத் தோதான வடிவில் வேறு இருக்கிறது. அறையிலிருந்து அதை ஒன்றுவிடாமல் எடுத்த பின்னரே குட்டியை விட வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் நிறக்கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் இட்டு வார்த்து, நீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கற்கள் கோடையிலும் காலுக்குக் குளிர்ச்சி தருவன. மனிதர்க்கு இதமான அக்குளிர்ச்சியே கண் திறவாக் குட்டிக்குப் பகை. முதல் வாரங்களில் குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது; வெளியே வெயில் கொளுத்தும் சித்திரையிலும், வெறுந்தரையில் கிடக்கும் குட்டி குளிர்ந்துபோகும். அட்டைப்பெட்டியின் அடியில் செய்தித்தாளும், அதன்மேல் பலமுறை துவைத்து மென்மையான பழைய கண்டாங்கிச் சேலையின் மடிப்பும் இட்டு, ஓரத்தில் வெந்நீர்ப் புட்டியைத் துணி சுற்றி வைக்கலாம். துவாலையின் நூல்வளையங்களில் நகம் சிக்கிக்கொள்ளும்; நெருங்கி நெய்த பருத்தியில் அச்சிக்கல் இல்லை. பெட்டியின் ஒரு பாதி மட்டும் சூடாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்து செல்ல மறுபாதி வேண்டும்.

தூய்மை செய்யும் பொருளில்தான் நல்லெண்ணம் கொண்டோர் பெரிதும் தவறுகின்றனர். பினாயில், டெட்டால் போன்ற பீனால் வகைக் கிருமிநாசினிகளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பின்னர்ப் பாதத்தை நக்கும் பூனை அந்நஞ்சை விழுங்குகிறது. அத்துடன், பேன்லுகோபீனியா வைரஸ் வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் அடங்காமல், ஓராண்டு வரைகூடத் தரையிலும் துணியிலும் பிழைத்திருக்கும். சோப்பு நீரால் அழுக்கை முதலில் கழுவி நீக்கியபின், கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பத்திரண்டு பங்கு நீர் சேர்த்து, தரை பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி விட்டு, நல்ல நீரால் அலசி, முற்றும் உலர்ந்த பின்னரே பூனைகளை அவ்விடத்தில் விட வேண்டும். பிளீச்சை வேறெந்தத் துப்புரவுப் பொருளுடனும் கலக்கக் கூடாது; நச்சுக்காற்று எழும்.

பாலும் சூடும் எடையும்

குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டலாகாது. குட்டி வாய் திறந்து கத்துவதைக் கண்டதும் பாலைத் தேடுவதே மனித இயல்பு. ஆனால் உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் இயங்குவதில்லை. உட்சென்ற பால் செரிக்காமல் தங்கிக் கெடும். முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 முதல் 36 பாகை செல்சியஸாகவும், வளர்ந்தபின் 38 முதல் 39 ஆகவும் இருப்பது பூனையின் இயல்பான உடற்சூடு. குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புத் தெரிய வேண்டும். சில்லிட்டிருந்தால், அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஒரு மணி நேரமேனும் மெல்ல மெல்லச் சூடேற்றிய பின்னரே அடுத்த வேலை. துவண்டு கிடந்தால், குளுக்கோஸ் கரைத்த நீரில் விரலைத் தோய்த்து ஈற்றில் தடவியவாறே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

பசும்பால் குட்டிக்கு ஆகாது. பூனைப்பாலோடு ஒப்பிடுகையில் அதில் புரதமும் கொழுப்பும் குறைவு, பாற்சர்க்கரை மிகுதி. விளைவு கழிச்சல், கழிச்சலால் நீரிழப்பு, நீரிழப்பால் இறப்பு. பூனைக்குட்டிக்கெனத் தயாரித்த பால்மாவு பெரிய ஊர்களின் செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையவழியிலும் கிடைக்கிறது. தற்காலிக வளர்ப்பை ஏற்க விரும்புவோர் குட்டி வருமுன்பே ஒரு டப்பா வாங்கி வைத்திருப்பது நன்று, ஏனெனில் குட்டிகள் கடை திறந்திருக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. நூறு கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் என்பது இரைப்பையின் கொள்ளளவைக் கருதிய எளிய கணக்கு. 200 கிராம் குட்டிக்கு 8 மில்லிலிட்டர். முதல் வாரத்தில் இரண்டு மணிக்கொருமுறை, இரண்டாம் வாரத்தில் மூன்று மணிக்கொருமுறை, மூன்றாம் வாரத்தில் நான்கு மணிக்கொருமுறை என இரவிலும் தொடர வேண்டும். ஒருவரால் மட்டும் தாங்கக்கூடிய வேலையன்று இது; வீட்டில் முறை போட்டுக்கொள்வது தேவை.

புகட்டும்போது குட்டி தாயிடம் குடிப்பது போலக் குப்புற இருத்தல் வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். மீட்கப்பட்ட குட்டிகள் பல இவ்வாறே இறக்கின்றன என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் இது அன்பின் பெயரால் நேரும் தவறு. சரியாகக் குடிக்கும் குட்டியைக் கவனித்தால் அடையாளங்கள் தெளிவாகத் தெரியும்: நாக்கு காம்பைக் குழல்போலச் சுற்றிக்கொள்ளும், காதுகள் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் துடிக்கும், முன்பாதங்கள் மாறி மாறி மாவு பிசையும். மூக்கில் பால் குமிழியிட்டால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். குடித்து முடித்ததும், வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்ல வருடினால்தான் சிறுநீரும் மலமும் கழியும். மூன்று வாரம்வரை குட்டிக்கு அது தானாக வராது, தாயின் நாக்கே அவ்வேலையைச் செய்யும்.

எடையே மிகமிக நேர்மையான சாட்சி. பிறந்தபோது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி, நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். சமையலறை மின்தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து, தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். பேரேடு எழுதுவதில் பெயர் பெற்ற மண்ணில் இதற்கு வேறு பயிற்சி தேவைப்படாது. ஒருநாள் எடை ஏறாவிட்டால் கவனம். இறங்கினால், அல்லது இரண்டு நாள் ஏறாவிட்டால், மருத்துவர். முகம் சுறுசுறுப்பாகத் தோன்றும் குட்டியின் நோயை அந்த ஏட்டின் எண்கள் ஒருநாள் முன்னரே சொல்லிவிடும்.

நான்காம் வாரத்தில் பாலில் குழைத்த குட்டியுணவைத் தட்டில் வைத்துப் பழக்கலாம். மணல் தட்டையும் அப்போதே வைக்கலாம். ஈரம்பட்டால் இறுகும் வகை மணலை இவ்வயதுக் குட்டிகள் தின்று குடலடைப்புக்கு ஆளாகக்கூடும் என்பதால், சலித்த ஆற்று மணலோ கிழித்த செய்தித்தாளோ போதும். இவ்வட்டாரத்தில் மிஞ்சிய கோழிக்குழம்புச் சோற்றைப் பூனைக்கு வைக்கும் பழக்கம் பரவலானது. அக்குழம்பின் சுவைக்கு ஆதாரமான சின்ன வெங்காயமும் பூண்டும், வெந்த பின்னும், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குபவை. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் தனியே வேகவைத்து எலும்பு நீக்கிய கறியைக் குட்டிக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைக் குழம்பில் இடுவது சமையலறையில் பெரிய மாற்றமன்று.

மருத்துவம்

மருத்துவப் பரிசோதனை வந்த முதல் இரண்டு நாளுக்குள் நடைபெற வேண்டும். குடற்புழு நீக்கம் இரண்டு மூன்று வார வயதில் தொடங்கி இருவாரத்துக்கொருமுறை. பேன்லுகோபீனியாவுக்கும் இருவகைச் சளி வைரஸ்களுக்கும் சேர்த்துப் போடும் முக்கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை மூன்று நான்கு வார இடைவெளியில். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். நக்குவதாலும் ஒரே கிண்ணத்தில் உண்பதாலும் பரவும் பூனை லுகீமியா வைரஸுக்கான இரத்தப் பரிசோதனையை, மூத்த பூனைகளோடு சேர்க்குமுன் செய்துகொள்வது நன்று. அரசு கால்நடை மருத்துவமனைகளின் பணி இங்கே பெரும்பாலும் ஆடுமாடுகளைச் சார்ந்தது. பூனைக்கான தடுப்பூசி இருப்பில் உள்ளதா என முன்கூட்டிக் கேட்டறிந்து செல்ல வேண்டும். சிக்கலான நோய்களுக்குத் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அணுகத்தக்கது.

கைவைத்தியம் இங்கே உயிரைப் பறிக்கும். மனிதர்க்குரிய பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணிமருந்து பூனைக்கு நஞ்சு. கற்பூரத் தைலமும் யூக்கலிப்டஸ் தைலமும் அவ்வாறே. தெள்ளுப்பூச்சி நிறைந்த குட்டியை, கழுத்தைச் சுற்றி முதலில் சோப்பு நுரை வளையமிட்டு, பூச்சிகள் முகத்துக்கு ஏறாமல் தடுத்து, வெந்நீரில் விரைவாகக் கழுவி, ஈருளியால் சீவி, உடனே துவட்டிச் சூடேற்ற வேண்டும். ஈறு வெளுத்திருந்தால், பூச்சிகள் குடித்த இரத்தத்தின் அளவு அது.

குட்டி கடித்தாலோ கீறினாலோ, அது எவ்வளவு சிறியதாயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி அன்றே கேட்க வேண்டும். வட்டவட்டமாக முடி உதிரும் படர்தாமரை மனிதர்க்கும் ஒட்டும். கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் பெயரைச் சொல்லிப் பூனைகளைத் துரத்திவிடுவதைக் காண்கிறோம். மலத்தில் வெளியேறும் அவ்வுயிரி தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் துப்புரவு செய்தால், துரத்த வேண்டிய தேவை எழுவதில்லை.

கதவின் இருபுறமும்

பதினான்கு நாள் குட்டி கதவுக்குப் பின்னே இருந்தாலும், அதன் வருகையை மூத்த பூனை முதல் மணி நேரத்திலேயே அறிந்துவிடுகிறது. உயர்ந்த நிலைப்படிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் மூக்கை வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி அது அசையாமல் நிற்கும். மேலண்ணத்திலுள்ள மணமறியும் உறுப்புக்குக் காற்றை இழுக்கும் நிலை அது. பின்னர் ஒரு சீறல் சீறி, பத்தடி தள்ளிப் போய் அமர்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சீறலுக்காக அதைக் கடிந்துகொள்வதைப் போன்ற தவறு வேறில்லை. சீறல் என்பது அடியன்று. அடி விழாமல் இருப்பதற்காகச் சொல்லும் சொல். அச்சொல்லைத் தண்டித்து அடக்கினால், அடுத்த முறை சொல்லாமலே அடிக்கக் கற்றுக்கொள்ளும்.

பூனைகளுக்கிடையே அறிமுகம் கண்ணால் தொடங்குவதன்று, மூக்கால் தொடங்குவது. மருத்துவர் குட்டிக்குத் தொற்று இல்லை என உறுதி கூறிய பின்னர், ஒரு துண்டுத் துணியால் குட்டியின் கன்னத்தைத் தேய்த்து, அதை மூத்த பூனையின் உணவுத்தட்டுக்குச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். அதுபோலவே மூத்த பூனையின் மணம் பட்ட துணி குட்டியின் அறைக்குப் போக வேண்டும். மூத்த பூனை உறங்குமிடத்தில் அயல்மணத்தைக் கொண்டு வைப்பது அத்துமீறலாகும். துணியை முகர்ந்துவிட்டு உணவுக்குத் திரும்பினால் முதற்படி கடந்தது. அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்தல்: முதலில் ஆறடித் தொலைவில், ஒவ்வொரு நாளும் ஒரு சாண் நெருக்கி. அயல்மணம் வரும்போதெல்லாம் நல்ல உணவும் வருகிறது என்பது பூனையின் உடலில் பதிய வேண்டும். இதற்குச் சிலவற்றுக்கு நான்கு நாள் போதும். சிலவற்றுக்கு ஒரு மாதம் ஆகலாம்.

பின்னர்ப் பார்வை. இரட்டைக் கதவின் ஒரு பக்கத்தைத் திறந்து, அவ்விடத்தில் கம்பிவலைச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால், ஒன்றையொன்று பார்க்கவும் தொடாமலிருக்கவும் முடியும். காதுகள் பக்கவாட்டில் படிதல், உடலைத் தாழ்த்தி இமைக்காமல் நோக்குதல், வால்நுனி மட்டும் துடித்தல் ஆகியவை தோன்றினால் சட்டத்தைத் துணியால் மூடி, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். இமையை மெல்ல மூடித் திறத்தல், பக்கம் திரும்பிப் படுத்தல், தன் முதுகை நக்கிக்கொள்ளுதல் ஆகியவை நல்ல குறிகள்.

முதல் நேர்ச்சந்திப்புக்கு முன் குட்டியை நன்றாக விளையாட வைத்துக் களைக்கச் செய்ய வேண்டும். மூத்த பூனையை மடியில் தூக்கிவந்து குட்டியின் முன் வைத்தல் கூடாது. தானே வரவும் தானே விலகவும் அதற்கு வழியிருத்தல் வேண்டும். வளவின் தேக்குத் தூண்கள் சூழ்ந்த தாழ்வாரம் இதற்கு நல்ல களம். ஆனால் முற்றம் திறந்த வீடுகளில், ஓட்டுக்கூரை வழியே தெருக்கடுவன்கள் இறங்குவது உண்டு என்பதால், அந்நேரத்தில் யாரேனும் உடனிருக்க வேண்டும். முதல்நாள் ஐந்து நிமிடம் போதும். குட்டி வாலைப் பிடித்து விளையாட முயலும். மூத்தது நகத்தை இழுத்துக்கொண்ட பாதத்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டும். அது பாடம். அத்தட்டிலிருந்து குட்டியைக் காப்பாற்ற ஓடுவது, அது தன் இனத்து ஒழுக்கத்தைக் கற்கும் வாய்ப்பைக் கெடுப்பதாகும். முடி பறக்க உருண்டு புரண்டு அலறினால் மட்டும், கையை இடையே நீட்டாமல், ஓர் அட்டையை நடுவே செருகிப் பிரிக்க வேண்டும்.

சேர்ந்த பின்னரும் அடுப்பு வேறாகவே இருக்கட்டும். உணவுத்தட்டு, நீர்க்கிண்ணம், உறங்குமிடம் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவும், மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகவும், ஒன்றின் கண்ணில் ஒன்று படாத இடங்களிலும் அமைய வேண்டும். மூத்த பூனைக்கு நாளில் ஒரு பொழுதேனும் குட்டியில்லாத மடி கிடைக்க வேண்டும். அதன் மனவருத்தம் கத்தலாக வெளிப்படுவதைவிட உடலாலேயே பெரும்பாலும் வெளிப்படும்: தூணிலும் மெத்தையிலும் சிறுநீர் தெளித்தல், ஒரே இடத்தை நக்கி முடியை உதிர்த்தல், உணவை மறுத்தல். வளர்ந்த பூனை ஒருநாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரை அணுக வேண்டும். பட்டினி இரண்டு மூன்று நாள் நீடித்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால், அது மறுநாள் காலைவரை காத்திருக்கக்கூடிய நோயன்று. இத்தகைய நிலை தோன்றுமாயின் குட்டியை வேறொரு வளர்ப்பாளரிடம் மாற்றிவிடுவது தோல்வியாகாது. வீட்டுப் பூனைக்குக் கொடுத்த வாக்கே மூத்த வாக்கு.

ஒப்படைப்பு

குட்டி இரண்டு தடுப்பூசிகளாவது பெற்று, திட உணவை முழுமையாக உண்டு, பன்னிரண்டு வாரத்தை அடைந்தபின் புதுவீட்டுக்குச் செல்லலாம். கேட்டு வருவோரிடம் கருத்தடைக்கு உடன்படுகிறார்களா, வெளியூர் செல்லும் நாட்களில் யார் பார்ப்பார்கள், வீட்டில் ஏற்கெனவே உள்ள விலங்குகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று தயங்காமல் வினவ வேண்டும். விசேஷ வீட்டில் உறவினர் கூட்டத்தின் நடுவே, குழந்தை ஆசைப்பட்டது என்று தூக்கிக் கொடுப்பது தவிர்க்கத்தக்கது. வேட்டுச் சத்தமும் பந்தலும் திறந்த வாசல்களுமாக வீடு நிறையும் அந்நாட்களில், குட்டியையும் மூத்த பூனைகளையும் வெவ்வேறு அறைகளில் பூட்டி, கதவில் எழுதி ஒட்டி, சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொள்வதே பாதுகாப்பு. எடை ஏடும் தடுப்பூசி அட்டையும், அதன் மணம் ஏறிய சேலைத் துண்டும் குட்டியுடன் செல்ல வேண்டும். புதுவீட்டின் முதல் இரவில் அந்தத் துண்டின்மேல்தான் அது உறங்கும்.

குட்டி போன பின் அறையைக் கழுவி, கதவைத் திறந்து வைக்கலாம். மூத்த பூனை உள்ளே வந்து, பெட்டி இருந்த மூலையை நெடுநேரம் முகர்ந்து, கன்னத்தைச் சுவரில் தேய்த்து அந்த இடத்தை மீண்டும் தனதாக்கிக்கொள்ளும். அடுத்த குட்டியை ஏற்குமுன் அதற்குச் சில வாரங்களேனும் இவ்வாறு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த அறையில் பேன்லுகோபீனியாவால் ஒரு குட்டி இறந்திருக்குமாயின், தடுப்பூசி பெறாத எந்தக் குட்டியையும் ஓராண்டுவரை அங்கே வைக்கலாகாது.